உயிர்ச்சத்து ‘ஏ’யும் குழந்தை உயிரும்: ஆச்சே, திருச்சி ஆய்வுகள்

உயிர்ச்சத்து ‘ஏ’ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது பழைய அறிவு. அக்குறை உயிரையே பறிக்கும் என்பதை இந்தோனேசியாவின் ஆச்சேயில் ஆல்பிரட் சாமர் குழுவினர் நடத்திய ஆய்வு 1986இல் உணர்த்தியது. இச்சத்து வழங்கப்பட்ட சிற்றூர்களில் சிறார் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒப்பீட்டு ஊர்களில் போலிமருந்து தரப்படாமையால் ஐயங்கள் எழுந்தன.

அவ்வையத்தைத் தளர்த்தியது தமிழகத்தின் திருச்சி மாவட்ட ஆய்வேயாகும். ஏறத்தாழ 15,000 சிறாரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் வாரந்தோறும் உணவிற் கிடைக்கத்தக்க சிறு அளவே ஊட்டினர். எவர்க்கு எது என்பது ஊழியர்க்கும் தெரியாது. அப்பிரிவில் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது என்னும் முடிவு 1990இல் வெளிவந்தது.

வயிற்றுப்போக்கு இறப்பு குறைவதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின, காரணந்தான் விளங்கவில்லை. இச்சத்திலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலமே நோயெதிர்ப்பு உயிரணுக்களைக் குடலுக்குச் செலுத்துகிறது என ஜப்பானிய ஆய்வாளர் 2004இல் நிறுவியபோது, ஒரு பகுதி விடை கிடைத்தது. ஆயினும் 2013இல் வெளியான உத்தரப்பிரதேசப் பேராய்வில் இறப்புக் குறைவு 4 விழுக்காடே, விவாதம் ஓய்ந்தபாடில்லை.