அஞ்சலும் மின்னஞ்சலும்

நாஞ்சில் நாட்டிற்கும் 'அஞ்சல்' என்னும் சொல்லுக்கும் உள்ள உறவு பழமையானது. திருநெல்வேலிச் சீமையார் 'தபால்' என்று வழங்கிய நாளிலே, திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் வாழ்ந்த நம் முன்னோர் 'அஞ்சல்' என்றே வழங்கினர். இன்றோ தமிழகம் முழுவதும் அஞ்சல் துறை என்கின்றனர். கணினி வழியே செல்லுங் கடிதத்தையும் மின்னஞ்சல் என்கின்றனர். சொல் நிலைத்தது, அச்சொல்லாற் குறிக்கப்பெற்ற வாழ்க்கை நம் கண்முன்னே மறைந்து வருகின்றது. அதனைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

திருவிதாங்கூர் அஞ்சல் முதற்கண் அரசாங்கக் காரியங்களின் பொருட்டே ஏற்பட்டது. பின்னரே பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. மணி கட்டிய கோலைக் கையிற் பிடித்து ஓடிவரும் அஞ்சலோட்டக்காரனுக்கு வழிச்செல்வோர் ஒதுங்கி இடம்விடுவர். 1888-ம் ஆண்டிற் சங்கு முத்திரை பொறித்த முதல் அஞ்சல் தலைகள் 1, 2, 4 சக்கர விலைகளில் வெளிவந்தன. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய். 1951-ம் ஆண்டில் இவ்வஞ்சல் இந்தியத் தபால் இலாகாவோடு ஒன்றாயிற்று. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன.

அக்காலத்துக் கடிதம் எத்தகையது? தலைப்பிற் பிள்ளையார் சுழி; அதன்கீழ்க் கொல்லம் ஆண்டு, மாதம், தேதி; பின்னர் நலம் விசாரித்தல். அதன்மேல், பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் வந்ததா, கன்னிப்பூ நடவு முடிந்ததா, மார்கழித் தேரோட்டத்திற்குச் சுசீந்திரம் வருவார் யாவர் என்பன வரிசையாக வரும். மணச்செய்தி தாங்கிய கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் துலங்கும். சாவுச்செய்தி தாங்கியதைப் படித்தவுடன் கிழித்தெறிவர். ஏனையவற்றைக் கம்பியிற் கோத்து உத்தரத்தில் தொங்கவிடுவர். எழுத்தறியாத பாட்டிமார்க்குப் பள்ளிச் சிறுவர் படித்துக் காட்டுவர். ஒருவர்க்கு வந்த கடிதம் தெருவார் அனைவர்க்கும் வந்ததாகவே கருதப்பட்டது.

நிற்க. இவை வெறும் பழங்கதைதாமோ எனின், அன்று. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பெற்ற ஓலைகளை, தேரூரிற் பிறந்து ஆசிரியத் தொழில் பூண்ட கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் (1876-1954) கண்டு ஆராய்ந்து உலகறியச் செய்தார்கள். நிலம், வரி, நாட்டார் கூட்டம் முதலிய பல செய்திகள் அவற்றாற் புலனாயின. மனிதரை அடிமையாக விற்ற முறிகளும் அவற்றுள் உள. நம் பெருமையை மட்டுமன்றி நம் முன்னோர் காலத்துச் சிறுமையையும் மறையாது உரைத்தலாலன்றோ அவ்வோலைகள் சரித்திரச் சான்றாயின! ஒரு வீட்டார் பொறுப்பின்றி அவற்றை அடுப்பில் இட்டிருப்பின், இந்நாட்டு வரலாற்றிற் பல ஏடுகள் வெறுமையாய்ப் போயிருக்கும்.

இனி எம் அனுபவம் ஒன்றை உரைக்கின்றோம். யாம் வெளியூரிற் பயின்ற நாளில் எம் தந்தையார் வாரந்தோறும் உள்நாட்டுக் கடிதம் வரைவார். இடம் போதாமையால் மடிக்கும் ஓரத்திலும் எழுதுவார். அக்கடிதங்கள் இன்றும் தகரப்பெட்டியில் உள. மை சிறிது மங்கியதன்றி வேறு குறைவில்லை. அவர் தம் இறுதி ஈராண்டிற் கைபேசி வழியே நாள்தோறும் செய்தி அனுப்பினார். குரலையும் பதிந்து அனுப்பினார். அக்கருவி ஒருநாள் நீரில் வீழ்ந்து பழுதுற்றது. படியெடுத்து வையாத எம் சோர்வினால் ஒரு சொல்லும் எஞ்சவில்லை. இருபத்தைந்து ஆண்டுக்கு முந்திய தந்தை எம்மோடு பேசுகின்றார். நேற்றைய தந்தை பேசுகின்றிலர்.

புதுமையைப் பழித்தல் எம் கருத்தன்று. முன்னாளிற் கடல்கடந்து சென்றோரின் செய்தி வந்துசேர வாரங்கள் கழிந்தன. இன்று வளைகுடா நாட்டிலுள்ள பேரனின் முகத்தைப் பாட்டி வீட்டுத் திண்ணையிலிருந்தே காண்கின்றாள். இந்நலத்தை யாவர் மறுப்பர்? 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியாவிற் பொதுமக்களுக்கு இணைய வசதி திறக்கப்பட்டது. 2013-ம் ஆண்டு ஜூலையில் அரசாங்கத் தந்தி நிறுத்தப்பட்டது. காலத்தின் ஓட்டம் அத்தகையது. ஆயினும், விரைந்து வருவது விரைந்து மறைதலும் உண்டு என்பதை மறத்தல் தகாது. ஓலையைக் காத்தோர் அது செல்லரியாதிருக்கப் பாடுபட்டனர். மின்செய்திக்கும் அவ்வகைக் காவல் வேண்டும்.

ஆதலின், நம் சங்கத்து அன்பர்களையும் தாய்மார்களையும் வேண்டிக்கொள்வது இதுவே. பழைய வீட்டைப் பிரிக்கும்போது மச்சிலும் பத்தாயத்தடியிலும் கிடக்கும் ஓலையையும் காகிதக் கட்டையும் ஆராயாது விலைக்கும் நெருப்புக்கும் கொடாதீர்கள். யார் யாருக்கு எழுதியது, எவ்வாண்டு என்று மூத்தோர் இருக்கும்போதே கேட்டுக் குறித்துவையுங்கள். கைபேசியிலுள்ள அருமையான செய்திகளை வேறிடத்தும் படியெடுத்துவையுங்கள். ஆண்டிற்கு ஒருமுறையேனும் பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டிக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதுமாறு பழக்குங்கள். நாளை நம் பேரர் நம்மை அறிய விரும்புங்கால், அவர் கையில் ஒரு தாளேனும் இருத்தல் வேண்டும்.