இடம் இல்லையென்றால் சிறுவன் எங்கே? பெங்களூருவை முன்வைத்துச் சிறார் தடுப்பிடங்களின் வரலாறு

1881 முதல் 1947 வரை பெங்களூரு ஒரே நகரமாக இருக்கவில்லை. மேற்கே பேட்டையும் கோட்டையும் சேர்ந்த பழைய நகரம் மைசூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. கிழக்கே 1809இல் உருவான கண்டோன்மென்ட், ‘சிவில் மற்றும் ராணுவ நிலையம்’ என்ற பெயரில் பிரித்தானிய ரெசிடெண்டின் நிர்வாகத்தில் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி, தனித்தனி காவல்துறை, தனித்தனி நீதிமன்றம். இடையில் இருந்தது கப்பன் பூங்கா. கிருஷ்ணராஜ சந்தையில் பிடிபட்ட சிறுவன் மைசூர் நீதிபதியின் முன் நின்றான். அங்கிருந்து நடந்தே போகக்கூடிய ரஸ்ஸல் சந்தையில் அதே குற்றத்துக்காகப் பிடிபட்டவன் பிரித்தானிய நிர்வாகத்தின் நீதிபதி முன் நின்றான். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்களாகவும் இருக்கக்கூடும்.

சிறார் குற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வயது வரம்பையும் தண்டனையையும் பற்றியே எழுதுகின்றனர். அதைவிட எளிய, ஆனால் கடினமான கேள்வி வேறொன்று உண்டு. பிடிபட்ட சிறுவனை இன்றிரவு எங்கே தங்க வைப்பது? சிறார் குற்றம் எல்லா ஊரிலும் நடக்கிறது. சிறாருக்கெனத் தனிக் கட்டடம் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. ஆகவே ஓர் ஆட்சிப் பகுதி மற்றொன்றின் கட்டடத்தை நம்ப வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1899இல் இல்லினாய் மாநிலம் சிக்காகோவில் முதல் சிறார் நீதிமன்றத்தை அமைத்தது. பிற்காலத்தில் அந்நாட்டின் சிறிய கவுண்டிகள் பல, தனித்தனியே இல்லம் நடத்த இயலாமல், கூட்டாக ஒரே தடுப்பு இல்லத்தை நடத்தத் தலைப்பட்டன. இந்தியாவில் இப்பொறுப்பு நகராட்சிகளிடம் சென்று சேரவில்லை. முதலில் மாகாண அரசுகளிடமும் பின்னர் மாநில அரசுகளிடமும் இருந்தது. ஆயினும் இடப்பற்றாக்குறையும் பகிர்வும் இங்கும் அதே அளவுக்கு உண்மை.

பிரித்தானிய இந்தியாவில் சீர்திருத்தப் பள்ளிகளுக்கான சட்டம் 1876இல் வந்தது. 1897இல் அது புதுப்பிக்கப்பட்டது. பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவன் தண்டிக்கப்பட்டால், சிறைக்குப் பதிலாக மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப நீதிமன்றம் ஆணையிடலாம். பள்ளியில் இரவில் சிறுவர்களைப் பிரித்துத் தங்க வைக்கும் வசதி, குடிநீர், தொழிற்பயிற்சி, மருத்துவ அறை ஆகியவை இருக்க வேண்டும் என்றும் சட்டம் விதித்தது. சென்னை மாகாணத்தில் 1887இல் செங்கல்பட்டில் அத்தகைய பள்ளி தொடங்கியது. பரந்த மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்து சிறுவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டனர். மாவட்டங்கள் ஒரு கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு தென்னிந்தியாவில் அப்போதே வேரூன்றிவிட்டது.

1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத ஒரு விதிவிலக்கு உண்டு. சீர்திருத்தப் பள்ளியில் உடனடியாக இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும் வரையிலோ அல்லது அவனுடைய மூலத் தண்டனைக் காலம் முடியும் வரையிலோ சிறுவனைச் சிறையின் சிறார் பகுதியில் வைத்திருக்கலாம் என்பதே அது. சிறையிலிருந்து சிறுவனைக் காப்பதற்காக எழுந்த சட்டம், கட்டடம் நிரம்பியவுடன் அவனைச் சிறைக்கே திருப்பி அனுப்பியது. இடப்பற்றாக்குறையின் சுமை அரசின் மீது விழவில்லை, சிறுவனின் மீது விழுந்தது.

1919–20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைக் குழு இந்நிலையைக் கண்டித்தது. சிறாரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. அவர்களுக்குத் தனி நீதிமன்றமும் விசாரணைக் காலத்தில் தங்கத் தனி இல்லமும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு சட்டம் என்ற இந்நிலை எல்லைப்புற மக்களுக்குப் புதிய சிக்கலைத் தந்தது. சிறுவனின் தலைவிதியை அவன் செய்த செயலைவிட அவன் பிடிபட்ட இடமே அதிகம் தீர்மானித்தது.

பெங்களூருவில் கப்பன் பூங்கா எல்லை 1947இல் மறைந்தது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. ஆனால் 1956 நவம்பர் 1 அன்று அதே சிக்கல் பெரிய அளவில் திரும்பி வந்தது. பழைய மைசூர், பம்பாய் மாநிலத்தின் கன்னட மாவட்டங்கள், ஐதராபாத்தின் கன்னட மாவட்டங்கள், சென்னையிலிருந்து பிரிந்த தென் கன்னடமும் கொள்ளேகாலமும், குடகு ஆகியவை ஒன்றிணைந்து புதிய மைசூர் மாநிலம் உருவானது. ஒவ்வொரு பகுதியும் தன் சட்டத்தோடும் தன் கட்டடத்தோடும் வந்தது. தார்வாரில் பம்பாய் ஆட்சி நடத்திய போர்ஸ்டல் பள்ளி இருந்தது. தென் கன்னடத்தில் 1920ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1964ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டமே மாநிலம் முழுமைக்கும் பொது ஏற்பாட்டைத் தந்தது. சட்டத்தை ஒரே நாளில் ஒன்றாக்கலாம். கட்டடங்களை அவ்வாறு ஆக்க முடியாது. அவை முந்தைய ஆட்சிகள் கட்டிய இடத்திலேயே நின்றன.

திருப்பம் 1986இல் நேர்ந்தது. நாட்டின் சிறைகளில் அடைபட்டிருந்த சிறாருக்காகப் பத்திரிகையாளர் ஷீலா பர்சே தொடுத்த வழக்கில், அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. எக்காரணம் கொண்டும் சிறாரைச் சிறையில் வைக்கக் கூடாது. இல்லங்களில் போதிய இடம் இல்லையென்றால் அவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் பிணையில் விடுவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1897இன் விதிவிலக்கை இவ்வாணையின் அருகில் வைத்துப் படித்தால் நூற்றாண்டின் மாற்றம் விளங்கும். இரண்டும் ஒரே கேள்விக்கு விடை சொல்கின்றன. இடம் இல்லையென்றால் சிறை என்றது பழைய சட்டம். இடம் இல்லையென்றால் வீடு என்றது நீதிமன்றம். பற்றாக்குறையின் சுமை முதன்முறையாக அரசின் தோளுக்கு மாறியது.

அதே ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்து 2000, 2015 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வந்தன. 2015ஆம் ஆண்டுச் சட்டம் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ சிறாரை வைப்பதை முற்றிலும் தடை செய்கிறது. ஆயினும் பகிர்வு ஏற்பாடு அதிலும் தொடர்கிறது. இளைஞர் நீதிக் குழுமம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டும். கூர்நோக்கு இல்லமோ ‘ஒவ்வொரு மாவட்டத்திலும் அல்லது மாவட்டங்களின் தொகுதிக்கு ஒன்றாகவும்’ இருக்கலாம். கடுங்குற்றம் சாட்டப்பட்ட மூத்த சிறாருக்கான ‘பாதுகாப்பு இடம்’ மாநிலத்துக்கு ஒன்று இருந்தாலே போதும். கர்நாடகத்தில் இன்று 31 மாவட்டங்கள் உள்ளன. நீதி மாவட்டத்தில் இருக்கிறது. படுக்கை தொலைவில் இருக்கலாம்.

நிர்வாகக் கணக்கில் இது சிக்கனம். குடும்பத்தின் கணக்கில் இது பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும். மாவட்டங்கள் ஓர் இல்லத்தைப் பகிரும்போது இடச்செலவு குறைகிறது. ஆனால் தொலைவின் செலவு சிறுவனைப் பார்க்க வரும் தாயின் மீது ஏற்றப்படுகிறது. விசாரணைக்கு அழைத்துச் செல்லக் காவலர் கிடைக்காத நாளில் வழக்கு தள்ளிப்போகிறது. விசாரணையை நான்கு மாதங்களில் முடிக்க வேண்டும் என்ற விதி அவ்வாறே தளர்கிறது.

மாநில எல்லையில் இது மேலும் கூர்மையாகிறது. பெங்களூருவின் மடிவாளாவில், ஓசூர் சாலையில், அரசுக் கூர்நோக்கு இல்லம் உள்ளது. அச்சாலையிலேயே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் தமிழ்நாட்டின் ஓசூர். அங்கிருந்து வேலை தேடி வந்து பெங்களூருவில் பிடிபடும் சிறுவனின் சொந்தக் குழுமம் கிருஷ்ணகிரி மாவட்டத்தினுடையது. அவனுடைய நலனுக்கு உகந்தது எனில், சொந்த மாவட்டக் குழுமத்தைக் கலந்தாலோசித்து அவனை அங்கே மாற்றலாம். அழைத்துச் செல்லும் ஆணை கிடைத்த பதினைந்து நாள்களுக்குள் சிறார் காவல் பிரிவு அதை நிறைவேற்ற வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். ரஸ்ஸல் சந்தைக்கும் கிருஷ்ணராஜ சந்தைக்கும் இடையே ஒரு காலத்தில் இருந்த எல்லைக்கு இல்லாத பாலம் இது. ஆனால் இரு மாநில அலுவலர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, பதில் அனுப்பி, காவலரை ஒதுக்கினால் மட்டுமே அப்பாலத்தில் நடக்க முடியும்.

2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் 25 சிறாருக்கு 1,000 சதுர அடிப் படுக்கைக்கூடம் என்று அளவிடுகின்றன. அதாவது ஒருவருக்கு 40 சதுர அடி. 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்று பரவியபோது, இல்லங்களில் நெரிசலைக் குறைக்கச் சிறாரைப் பிணையில் விடுவிப்பது குறித்து ஆராயுமாறு உச்ச நீதிமன்றம் குழுமங்களைப் பணித்தது. 34 ஆண்டுகளுக்கு முந்தைய அதே தர்க்கம், வேறொரு நெருக்கடியில் மீண்டும் ஒலித்தது.

இவ்வரலாறு இரண்டு வகை ஒத்துழைப்பைக் காட்டுகிறது. ஒன்று, படுக்கைகளைப் பகிர்வது. செங்கல்பட்டு முதல் ‘மாவட்டங்களின் தொகுதி’ வரை ஆட்சிகள் பழகியது இதுவே. மற்றொன்று, சிறுவனை அவன் வீட்டுக்கு அருகில் கொண்டுசேர்ப்பதற்காக ஒரு குழுமம் மற்றொரு குழுமத்தோடு பேசுவது. முதலாவதற்குக் கட்டடம் வேண்டும். இரண்டாவதற்கு விரைந்து எழுதப்படும் ஒரு கடிதம் போதும். சிறார் நீதியை ஆராயும் மாணவர்கள் இல்லங்களின் எண்ணிக்கையோடு, இடம் நிரம்பிய இரவில் ஒவ்வொரு மாவட்டமும் என்ன முடிவெடுத்தது என்பதையும் ஆவணங்களில் தேட வேண்டும். சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்பது அந்த இரவில்தான் தெரியும்.