ஜெனித் பலூனில் மூவர்

1875 ஏப்ரல் 15ஆம் தேதி முற்பகலில், பாரிஸ் நகரத்து லா வில்லெட் எரிவாயுச் சாலையிலிருந்து ‘ஜெனித்’ என்னும் பலூன் மேலெழுந்தபோது, அதன் கூடையில் நின்ற திஸ்ஸாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் ஆகிய மூவரும் உயரத்தின் அபாயத்தை அறியாதவர்கள் அல்லர். பிராணவாயு மிகுந்த காற்றை அடைத்த மூன்று சிறு பைகள் அவர்களுடைய தலைக்கு மேலேயே தொங்கின.

அந்த யோசனை, பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட்டினுடையது. முந்திய ஆண்டு அவர், காற்றழுத்தத்தைக் குறைக்கக்கூடிய இரும்பு அறைக்குள் தாமே அமர்ந்து, அழுத்தம் இறங்க இறங்கத் தம் நாடித்துடிப்பை எண்ணி மூன்றால் பெருக்க முயன்றார்; சோர்போன் பேராசிரியரான அவருக்கு அச்சிறு கணக்கு வரவில்லை. பிராணவாயுவைச் சுவாசித்த மாத்திரத்தில் தெளிவு திரும்பிற்று. ஜெனித்தில் கொண்டுபோகும் அளவு போதாதென்று அவர் எழுதிய கடிதமோ, காலம் தாழ்ந்து வந்து சேர்ந்தது.

காற்றழுத்தம் 280 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறங்கிய பிற்பகல் ஒன்றரை மணியளவில், எட்டாயிரம் மீட்டர் உயரத்தை எட்டிவிட்டோம் என்று கூவ விரும்பினார் திஸ்ஸாந்தியே, நாக்கு அசையவில்லை. பிராணவாயுக் குழாயைப் பற்ற நினைத்தார், கை எழவில்லை. அந்நிலையில் அவருக்கு வேதனையோ பயமோ இருக்கவில்லை, மாறாக உள்ளூர ஓர் ஆனந்தமே நிறைந்திருந்தது என்று அவரே பிற்பாடு எழுதிவைத்தார். பிரக்ஞை தப்பி, ஒருமுறை விழித்தபோது பலூன் இறங்கிக்கொண்டிருந்தது. குரோசே-ஸ்பினெல்லியோ மதிமயக்கத்தில் மணல் மூட்டைகளையும் கருவியையும் வெளியே எறிய, பாரம் குறைந்த பலூன் மறுபடியும் மேலேறிற்று. இரண்டாம் முறை விழித்த திஸ்ஸாந்தியே, நண்பர் இருவரும் முகம் கறுத்து, வாயில் இரத்தத்துடன் மாண்டுகிடக்கக் கண்டார். அவர் உயிர் தப்பினார், செவிப்புலன் போயிற்று.

கைக்கெட்டும் தூரத்தில் மருந்திருக்க, அதை எடுக்கவேண்டும் என்ற அவசரம் ஏன் அவர்களுக்குப் பிறக்கவில்லை? மூச்சு முட்டும்போது நம்மைத் தவிக்கவைப்பது பெரும்பாலும் இரத்தத்தில் கரியமில வாயு சேர்வதே அன்றி, பிராணவாயு குறைவது அன்று. உயரத்திலோ ஒவ்வொரு மூச்சிலும் கரியமில வாயு தடையின்றி வெளியேறிவிடுவதால், அந்தத் தவிப்புக்கு இடமே இல்லை. கடல்மட்டத்தில் 160 மில்லிமீட்டராக இருக்கும் பிராணவாயுவின் அழுத்தம் அன்று 59ஆகக் குறைந்திருந்தது.

இருந்தும் சரீரம் அதை அறியாமல் இல்லை. கழுத்தின் இருபுறமும், சிரசுக்குச் செல்லும் தமனி கிளை பிரியும் இடத்தில், அரிசிமணி அளவான ஒரு துணுக்கு இருக்கிறது. இரத்தத்தின் தன்மையை ருசிபார்க்கும் உறுப்பு அது என்பதை மாட்ரிட் நகரத்து டி காஸ்ட்ரோ 1928இல் ஊகித்தார். பெல்ஜியத்தின் ஹேமன்ஸ் பரிசோதனையால் நிறுவி, 1938ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். பிராணவாயு குன்றியவுடன் அது நரம்பு வழியே முகுளத்துக்குச் செய்தி அனுப்ப, மூச்சு விரைகிறது. ஆனால் அச்செய்தி புத்திக்குத் தெளிவாக எட்டுவதில்லை. ஆபத்தை எடைபோடவேண்டிய அந்தப் புத்தியோ, பிராணவாயுக் குறைவால் முதலில் மழுங்குவது.

நிதானமாக ஏறுவோருக்குச் சரீரம் வேறு வகையிலும் துணைசெய்கிறது. 1890இல் வியோல் என்ற பிரெஞ்சு மருத்துவர், பெரு நாட்டின் மொரோகோச்சா மலைச் சுரங்க ஊரில் சுமார் மூன்று வாரம் தங்கித் தம் இரத்தத்தைச் சோதிக்க, ஒரு கன மில்லிமீட்டரில் 50 லட்சமாக இருந்த சிவப்பணுக்கள் 80 லட்சத்தை எட்டியிருந்தன. சிறுநீரகம் சுரக்கும் ஒரு பொருளே எலும்பு மஜ்ஜையைத் தூண்டி அவற்றைப் பெருக்குகிறது. உயிரணுவுக்குள் பிராணவாயுக் குறைவு எவ்வாறு உணரப்படுகிறது என்பதைக் கண்ட செமன்சா, ராட்கிளிஃப், கேலின் மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் இந்த உதவி வந்துசேர நாட்கள் பல வேண்டும். பலூனோ இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட்டது.

ஆகவேதான் இன்று விமானிகளை அழுத்தம் குறைந்த அறையில் அமர்த்தி, முகமூடியைக் கழற்றி எளிய கணக்குகளைப் போடச் சொல்லுகிறார்கள். ஒருவருக்கு விரல்நுனி மரத்துப்போகிறது, ஒருவருக்கு வர்ணங்கள் மங்குகின்றன, இன்னொருவருக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. தமக்குரிய முதல் அறிகுறி இன்னதென்று கண்டுகொண்டு, அது தோன்றிய கணமே, யோசிக்க நிற்காமல் முகமூடியை மாட்டிக்கொள்ள அவர்கள் அங்கே பழகுகிறார்கள்.