வட்டிலப்பம் அரபு நாட்டிலிருந்து வந்ததா?

பெருநாள் நெருங்கினால் போதும், முகநூலில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும்: வட்டிலப்பம் அரபு வணிகர்கள் எங்களுக்குத் தந்துவிட்டுப் போன இனிப்பு என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டியில் போடும் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது.

என்ன போடுகிறோம்? முட்டை, தேங்காய்ப் பால், கித்துள் கருப்பட்டி, ஏலக்காய், மேலே கஜு. ஓமானின் ஸலாலாப் பக்கம் தென்னையாவது உண்டு. கித்துள் அங்கே ஏது? முட்டையையும் தேங்காய்ப் பாலையும் இனிப்போடு அடித்து ஆவியில் அவிப்பது மலாய்க்காரரின் கைப்பழக்கம். அவர்கள் அதை ஸ்ரீகாயா என்பார்கள்.

1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் படைவீரர்களையும் கைதிகளையும் இங்கே கொண்டு வந்தார்கள். அரச குடும்பத்தாரைக்கூட நாடு கடத்தினார்கள். 1708இல் ஜாவாவின் மதராம் மன்னர் மூன்றாம் அமங்குராத் அப்படி வந்தவர்தான். பாடப் புத்தகத்தில் இவர்கள் 'ஒல்லாந்தரின் படை' என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறார்கள். எங்கள் அடுப்படியில் முடியவில்லை. தொதலை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரே மலாய் மொழியின் 'டொடோல்'தான். மலாய் மக்கள் நெடுங்காலமாக வாழும் அம்பாந்தோட்டையில் இன்றும் வீதியோரக் கடைகளில் கறுப்புத் தொதல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து கீழக்கரையிலும் அதற்குத் தொதல் என்றே பெயர்.

அரபு நாட்டுப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. மஸ்கட் என்று நாம் வெட்டி அடுக்கும் நெய் அல்வா, ஓமானின் தலைநகரைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. அங்கும் மாப்பால், சீனி, நெய் சேர்த்துத்தான் அல்வா கிண்டுகிறார்கள்.

இப்போது வட்டிலப்பத்தின் பெயருக்கு வருவோம். வட்டில், அப்பம். இரண்டும் தமிழ். செய்முறை மலாய்க்காரருடையது, பெயர் தமிழ். கருப்பட்டியோ கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர் கித்துள் மரமேறிப் பாளை சீவி இறக்கிய பாணியில் காய்ச்சியது. கண்டி இராச்சியத்துக் காலத்தில் எங்கள் முன்னோர் தவளம் ஓட்டினார்கள். மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, பாக்கும் மிளகும் கரைக்கு இறங்கின. கருப்பட்டியும் அந்தப் பொதிகளோடு இறங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம்.

“நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?” என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். பிள்ளைகளும் அரபு நாட்டைக் கைகாட்டுகிறார்கள். நாம்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறோம். பெருநாள் காலையில் தட்டில் இருப்பது இந்த மண்ணைத் தவிர வேறெங்கும் இப்படி உருவாகியிருக்க முடியாத பண்டம் என்பதை யார் சொல்லிக் கொடுப்பது?

கடையில் பிளாஸ்டிக் கோப்பையில் விற்பதை வாங்கி அயல் வீடுகளுக்கு அனுப்பும் வழக்கம் இப்போது கூடிவிட்டது. வீட்டில் செய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பத்து முட்டைக்கு அரைக் கிலோ கருப்பட்டி, இரண்டு கோப்பை கெட்டித் தேங்காய்ப் பால். கருப்பட்டியைச் சீவிப் பாலில் கரைத்து வடிகட்டுங்கள். தூசி இல்லாமல் இருக்காது. முட்டையை அடித்துச் சேர்த்து, ஏலக்காய்த் தூளும் விரும்பினால் கொஞ்சம் சாதிக்காயும் போடலாம். பாத்திரத்தை மூடிக் கட்டி, ஆவித் தண்ணீர் சொட்டாமல் முக்கால் மணி நேரம் அவித்தால் சரி. உள்ளே துவாரம் விழ வேண்டுமா, வழுவழுப்பாக இருக்க வேண்டுமா என்பது எங்கள் குடும்பங்களில் இன்னும் தீராத வழக்கு. வழுவழுப்பு வேண்டுமென்றால் நெருப்பைக் குறைத்து வையுங்கள்.

சீனி கலந்த கருப்பட்டிதான் சந்தையில் அதிகம். தெரிந்த இடத்தில் இந்த வாரமே வாங்கி வையுங்கள். கடைசிப் பத்து நோன்பில் தேடினால் நல்லது கிடைக்காது.