பசியாறும் ஊரின் கதை

"பசியாறியாச்சா?"

ஜொகூர் பாருவில் காலை வேளையில் இரண்டு தமிழர்கள் சந்தித்துக் கொண்டால், வணக்கத்தை அடுத்து எழும் கேள்வி இதுதான். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவருக்கு இது சற்று வியப்பாக இருக்கும். அங்கே 'டிபன் ஆச்சா?' என்பார்கள். இங்கே காலை உணவுக்கே 'பசியாறல்' என்றுதான் பெயர். சொல் பழைய தமிழ்ச் சொல்தான். ஆனால் அதைக் காலை உணவின் பெயராகவே ஆக்கிக் கொண்டவர்கள் மலேசியத் தமிழர்கள்.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் மலேசிய மக்களின் காலை உணவுப் பண்பாட்டை, மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உலகின் பார்வைக்கு வந்தன. மகிழ வேண்டிய செய்தி. அதே நேரத்தில் ஒரு கேள்வியும் எழுகிறது. ஒரு வேளை தேநீர், ஒரு ரொட்டி, மாலையில் ஒரு படம், பக்கத்து வீட்டாரோடு சில வார்த்தைகள் ஆகிய இந்தச் சின்னச் சுகங்களுக்கும் வரலாறு உண்டா? உண்டு. உழைக்க மட்டுமே அழைத்து வரப்பட்ட மக்கள், ஓர் ஊரைத் தங்கள் ஊராக ஆக்கிக் கொண்ட வரலாறு அது.

ஊர் பிறந்த விதம்

1855ஆம் ஆண்டு தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் நீரிணையின் கரையில் ஒரு குடியிருப்பைத் தொடங்கினார். 1866இல் அவருடைய மகன் அபு பக்கார் அதற்கு ஜொகூர் பாரு, அதாவது புதிய ஜொகூர் என்று பெயரிட்டார். தொடக்கத்தில் இங்கே மிளகும் காம்பிரும் பயிரிட்டவர்கள் சீனர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காம்பிர் விலை இழந்து, ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. 1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. தண்டவாளம் போடவும் காட்டை அழிக்கவும் பால் வெட்டவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். தமிழ் மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி வந்தார்கள்.

மலாயாவில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. ஆனாலும் கங்காணி முறையில் கப்பல்கள் வந்து கொண்டே இருந்தன. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை போட்ட பிறகுதான் அந்த வரவு நின்றது.

எல்லோரும் தோட்டத்துக்குப் போகவில்லை. சலவைத் தொழிலாளர்கள், சிறு வியாபாரிகள், ரயில்வே ஊழியர்கள், நகராட்சித் தொழிலாளர்கள் என்று ஒரு கூட்டம் நகரத்திலேயே தங்கியது. ஜாலான் டோபி என்ற தெருவின் பெயரில் அந்தச் சலவைக்காரர்களின் நினைவு இன்றும் இருக்கிறது. 1911இல் ஜாலான் உங்கு புவான் பகுதியில் ராஜமாரியம்மன் ஆலயம் எழுந்தது. அரச குடும்பம் காட்டிய ஆதரவுக்கு நன்றியாகவே அம்மன் பெயரோடு 'ராஜ' சேர்ந்தது என்பது கோயிலைச் சார்ந்தவர்கள் சொல்லும் வழக்கு.

கோயில் வந்தால் பூக்கடை வரும். பூக்கடையை ஒட்டி மளிகைக் கடை வரும். பிறகு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, நகைக்கடை. இப்படித்தான் உங்கு புவான் சாலை தமிழர் தெருவாயிற்று. சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு டவுனுக்கு வருவது பல பிள்ளைகளுக்கு மாதத்தின் ஒரே திருநாள்.

கள்ளுக்கடைக்கு மாற்று

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்த பொழுதுபோக்கு கள்ளுக்கடை. உடல் வலியை மறக்க ஒரு குவளை என்று தொடங்கி, சம்பளத்தின் பெரும் பகுதி அங்கேயே கரைந்த குடும்பங்கள் ஏராளம். அந்தச் சுகத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கில்லை. துன்பத்தில் மட்டும் பங்கு இருந்தது.

மக்கள் தாங்களாகத் தேடிக் கொண்ட சுகங்கள் வேறு. திருவிழா, தேநீர்க் கடை, திரைப்படம். இந்த மூன்றுமே பலர் சேர்ந்து அனுபவிப்பவை. திருவிழாவுக்கும் படத்துக்கும் தாய்மார்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். தேநீர்க் கடையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். சுற்றி நின்று பத்துப் பேர் கேட்பார்கள். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும், சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் இப்படித்தான் படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஊர்ச் செய்தி, உலகச் செய்தி, புதிதாக வரப் போகும் படம் எல்லாம் ஒரே மேசையில் பேசப்பட்டன.

மாவும் பாலும்

ரொட்டி சானாயின் பிறப்பும் இந்த உழைப்பாளர் வாழ்க்கையோடு சேர்ந்ததுதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகளைப் பிள்ளைகள் 'மாமா' என்று அழைக்க, அதுவே 'மாமாக்' கடை ஆயிற்று. கோதுமை மலாயாவில் விளையாத பயிர். கப்பலில் வந்த மைதா மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊற வைத்து, காற்றில் வீசி மெல்லிய துணி போல விரித்து, மடித்துச் சுட்டார்கள். தொட்டுக் கொள்ளப் பருப்புக் கறி. குறைந்த காசில் நீண்ட நேரம் பசி தாங்கும் உணவு. ஜொகூர் பாருவில் ரொட்டி சானாய் என்றால், ஒரு கிலோமீட்டர் கடலைத் தாண்டியதும் சிங்கப்பூரில் அதுவே பரோட்டா, 'பிராட்டா'. பெயர்தான் வேறு, பிசையும் கை ஒன்றே.

தே தாரிக்கும் அப்படியே. தேயிலைத் தூளைக் கடுஞ்சாயமாக இறக்கி, டின் பாலைக் கலந்து, ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு உயர்த்தி ஆற்றுவார்கள். ஆற்றும்போது சூடு குறையும். பாலும் சாயமும் நன்றாகக் கலக்கும். மேலே நுரை கட்டும். வேலைக்கு ஓடுகிறவன் நாக்கு சுடாமல் குடித்துவிட்டுப் போகலாம்.

இதில் எந்த இனமும் தனியாக இல்லை. ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ என்ற சீனர் ரொட்டிக்கடை விறகடுப்பில் சுட்ட வாழைப்பழக் கேக்குக்குப் பெயர் பெற்றது. அருகிலேயே ஜாலான் டோபியில் 1937இல் இந்திய முஸ்லிம் குடும்பம் ஒன்று தொடங்கிய சலாஹுதீன் ரொட்டிக்கடையும் விறகடுப்புக்காரர்தான். சற்று வடக்கே குளுவாங் ரயில் நிலையத்தில் 1938 முதல் கோப்பியும் வாட்டிய ரொட்டியும் விற்ற கடை, பயணிகளுக்கு இறங்கி ஏறும் ஒரு காரணமாகவே ஆகிவிட்டது. கறிவேப்பிலை வாசமும் கோப்பி வறுக்கும் வாசமும் கலந்த தெருக்களில்தான் இந்த நகரம் வளர்ந்தது.

பசி ஆறாத ஆண்டுகள்

பசியாறல் என்ற சொல்லின் கனம் தெரிய வேண்டுமானால் 1942ஐ நினைக்க வேண்டும். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்த கடற்பாலத்தில் 1923இல் ரயில்கள் ஓடத் தொடங்கின; 1924இல் அது முறைப்படி திறக்கப்பட்டது. 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதில் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தது. ஜப்பானியர் சில நாட்களில் அதைச் செப்பனிட்டு, சிங்கப்பூரையும் பிடித்தார்கள்.

அடுத்த மூன்றரை ஆண்டுகள் அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக் கிழங்கே காலை, பகல், இரவு என மூன்று வேளைச் சாப்பாடு. ரப்பருக்கு ஏற்றுமதி இல்லாததால் தோட்டங்களில் வேலை இல்லை. வேலை தருவதாகச் சொல்லியும் பிடித்துக் கொண்டு போயும் பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் மிகப் பலர். அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் பின்னாளில் வீட்டுக்கு வந்தவரிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபோது, அது வெறும் உபசாரமாக இருந்திருக்க முடியாது.

வெள்ளைத் துணியில் தெரிந்த உலகம்

போர் முடிந்து, 1948இல் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரத்துக்காக அரசாங்கத் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டின. திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி. முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகள். பின்னால் நின்றபடி பெரியவர்கள். அரசாங்கம் சொல்ல வந்த செய்தி எத்தனை பேர் மனத்தில் நின்றதோ! படம் பார்க்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. தோட்டங்களில் தமிழ்ப் படக் காட்சிகள் வாடிக்கையாயின. நகரத் தியேட்டர்களில் எம்.ஜி.ஆர். படமும் சிவாஜி படமும் வந்தால் லாரி பிடித்து வந்து பார்த்தவர்கள் உண்டு.

திரைக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தில் ஷா சகோதரர்கள் தயாரித்த மலாய்ப் படங்களுக்கு இந்தியாவிலிருந்து இயக்குநர்கள் வந்தார்கள். இந்தியாவில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எல். கிருஷ்ணன் 1950இல் இயக்கிய 'பக்தி' படத்தில்தான் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக 'பொந்தியானாக்' பேய்ப் படத்தை இயக்கியவர் பி. என். ராவ். பாட்டு, கண்ணீர், குடும்பப் பாசம் என்ற இந்தியப் பாணியை மலாய் ரசிகர்களும் தங்களுடையதாக ஏற்றுக் கொண்டார்கள். மாமாக் கடையில் ஒரே மேசையில் அமர்ந்தவர்கள் தியேட்டரிலும் ஒரே மாதிரி அழுதார்கள், சிரித்தார்கள்.

வீட்டுக்குள் போன சுகம்

1963இல் பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் டிசம்பரில் மலேசியாவிலும் தொலைக்காட்சி வந்தது. ஜொகூர் பாருக்காரர்களுக்கு இதில் இரட்டை யோகம். ஏரியலைச் சற்றுத் திருப்பினால் இரு நாட்டு அலைவரிசைகளும் தெரிந்தன. 1965இல் சிங்கப்பூர் தனி நாடாகி, பிறகு பாலத்தைக் கடக்கக் கடப்பிதழ் தேவைப்பட்ட காலத்திலும், அக்கரையின் தமிழ் நிகழ்ச்சிகள் தடையில்லாமல் கூடத்துக்குள் வந்தன. டிவி இருந்த ஒரு வீட்டில் பத்து வீட்டுப் பிள்ளைகள் கூடினார்கள்.

பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது. 1980களில் வீடியோ கேசட் வந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ வானவில் வந்தது. வசதி கூடியது; கூட்டம் குறைந்தது. பழைய ஒற்றைத் திரைத் தியேட்டர்கள் ஒவ்வொன்றாக விளக்கணைத்தன.

தோட்டங்களும் மறைந்தன. மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய இளைஞருக்கு உணவகங்களும் கடைத்தொகுதிகளும் நிறைந்த பகுதிதான் நினைவுக்கு வரும். அது பிரிட்டிஷ் கம்பெனிக்குச் சொந்தமான ரப்பர் தோட்டமாக இருந்த இடம். ஜொகூர் பாரு 1994 ஜனவரி 1 அன்று மாநகர் தகுதி பெற்றபோது, சுற்றியிருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிக் கொண்டிருந்தன. லயத்தில் ஒரே வரிசையில் வாழ்ந்தவர்கள் ஸ்கூடாய், மாசாய், உலு திராம் என்று சிதறினார்கள். பலருக்கு வீடு முன்பைவிட நல்ல வீடு. ஆனால் ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டு எட்டிப் பார்க்கும் பக்கத்து வீடு அதோடு கூட வரவில்லை.

எது நிலைத்தது?

எல்லாம் போய்விட்டது என்று புலம்புவதும் சரியாகாது. 1922இல் சிறு குடிலாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் கோயில், 2009இல் கண்ணாடிக் கோயிலாக எழுந்து நாடெங்கும் பேசப்பட்டது. தீபாவளி நெருங்கினால் உங்கு புவான் சாலையில் இன்றும் கூட்டம் நெரிகிறது.

2020 மார்ச் 18 அன்று கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டால் பாலத்தின் அன்றாடப் போக்குவரத்து நின்றபோது, இந்தத் தெருக்களின் மதிப்பு பலருக்கும் புரிந்தது. தினமும் கடந்து போய் வேலை பார்த்தவர்கள் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. வார இறுதியில் வரும் வாடிக்கையாளர்கள் இல்லாமல் நகர மையத்துக் கடைகள் வெறிச்சோடின. 2022 ஏப்ரல் 1 அன்று தரைவழி மீண்டும் முழுமையாகத் திறந்தபோது, குடும்பத்தைக் காண வந்தவர்கள் பலர் பழக்கப்பட்ட கடைக்குப் போய்ப் பசியாறவும் மறக்கவில்லை.

இதிலிருந்து தெரிவது ஒன்று. ரொட்டி சானாயை யுனெஸ்கோ காப்பாற்ற வேண்டியதில்லை. அது எங்கும் கிடைக்கிறது. காப்பாற்ற வேண்டியது அதைச் சேர்ந்து உண்ணும் இடத்தை. நடந்து போகும் தூரத்தில் ஒரு கடை, அங்கே பெயர் சொல்லி அழைக்கும் ஒரு கடைக்காரர், அவசரமில்லாமல் உட்கார ஒரு மேசை. நகர மையத்தில் வாடகை உயர்ந்து, பழைய கடைகளின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகும் காலத்தில் இவை தாமாக நிலைக்க மாட்டா.

அரண்மனைகளின் வரலாற்றை அரசாங்கம் எழுதி வைக்கிறது. தோட்டங்களின் கணக்கைக் கம்பெனிகள் எழுதி வைத்தன. தேநீர்க் கடையின் வரலாறும் திடலில் படம் பார்த்த இரவின் வரலாறும் வீட்டிலுள்ள பாட்டன் பாட்டிமாரிடம் மட்டுமே இருக்கின்றன. பிள்ளைகள் இந்த வார இறுதியில் அவர்களை உங்கு புவான் சாலைக்கு அழைத்துப் போகட்டும். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, முதன்முதலாகப் பார்த்த படம் எது, யாரோடு போனீர்கள் என்று கேட்கட்டும். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.