ஸ்போர்ட்ஸ் பைக் சஸ்பென்ஷனை இறக்குதல்

ஸ்போர்ட்ஸ் பைக்கின் முன் ஃபோர்க்கையோ பின் ஷாக் அப்சார்பரையோ, சில நேரம் இரண்டையுமோ மாற்றியமைத்து, வண்டி நிற்கும் உயரத்தைக் குறைக்கும் வேலை இது. பெரும்பாலும் 10 முதல் 40 மி.மீ. வரைதான் இறக்குவார்கள். ஆனால் குறைவது இருக்கையின் உயரம் மட்டுமல்ல. ஹேண்டில் திரும்பும் விதம், வளைவில் வண்டி சாயக்கூடிய எல்லை, ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எடை நகரும் முறை என எல்லாமே மாறுகின்றன. கொங்கு நாட்டில் இந்த மாற்றம் சீக்கிரமே தெரிந்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பம் மலைப்பாதையில் 27, கொல்லிமலையில் 70. கோவையை ஒட்டிய செட்டிபாளையத்தில் பந்தயத் தளமே இருக்கிறது.

ஏன் இறக்குகிறார்கள்

முதல் காரணம் கால் எட்டாததுதான். ஹீரோ ஸ்ப்ளெண்டரின் இருக்கை உயரம் 785 மி.மீ. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு அது 810; யமஹா ஆர்15-இன் அண்மைப் பதிப்புகளில் 815. வித்தியாசம் 25, 30 மி.மீ.தான். ஆனால் அகன்ற டேங்கும் இருக்கையும் தொடைகளை விரித்துவிடுவதால், உயரம் குறைந்தவர்கள் சிக்னலில் நுனிக்காலில் நிற்க வேண்டியிருக்கிறது. அடுத்த காரணம் தோற்றம்: பின்பக்கம் தணிந்து, டயர் மட்கார்டோடு ஒட்டியது போல் தெரியும் வண்டிக்குத் தனி ரசிகர்கள் உண்டு. மூன்றாவது, நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயம். இந்த மூன்றில் கடைசி ஒன்றில் மட்டுமே வண்டியை இறக்குவதால் வேகத்துக்கு நேரடி ஆதாயம் கிடைக்கிறது.

எப்படி இறக்குகிறார்கள்

முன்பக்கத்தில் எளிய வழி, ஃபோர்க் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப்களுக்குள் மேலே ஏற்றுவது. மெக்கானிக் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாயை 5 மி.மீ., 10 மி.மீ. என்று மேலே தள்ளுவார். இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று வெர்னியர் வைத்துப் பார்ப்பார். ஒரு பக்கம் கூடினால் ஆக்ஸில் கோணலாகி ஃபோர்க் இறுகும். குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தால், ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அது நகர்ந்து நிற்கும் இடம் காட்டும். முழுதாக அமுங்கும்போது மட்கார்டு ரேடியேட்டரிலோ கீழ் கிளாம்பிலோ மோதினால், ஏற்றிய அளவு அதிகம் என்று பொருள்.

பின்பக்கத்து ஒற்றை ஷாக்கான மோனோஷாக்கையும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் லிங்க் தகடுகள் உள்ள வண்டிகளில், அவற்றுக்குப் பதில் நீளமான தகடுகளை மாட்டினால் பின்பக்கம் இறங்கிவிடும். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை உள்ள கோவையில் அப்படி ஒரு தகட்டை வெட்டித் துளையிடுவது பெரிய காரியமே அல்ல. சிக்கல் கணக்கில் இருக்கிறது. தகட்டில் கூடும் ஒவ்வொரு மி.மீ.யும் பின் ஆக்ஸிலில் பல மி.மீ.யாகப் பெருகும். சஸ்பென்ஷன் அமுங்க அமுங்க எவ்வளவு இறுக வேண்டும் என்று தயாரிப்பாளர் வகுத்த வரிசையும் கலையும். முழுதாக அமுங்கும்போது டயர் மேலே போய் இருக்கைக்கு அடியில் உரசவும் கூடும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது மிக மோசமான வழி. சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். வேலை செய்யும் 10 சுருள்களில் ஒன்றை வெட்டினால் கடினம் சுமார் 11 சதவீதம் கூடும். துள்ளலை அடக்கும் ஷாக்கின் டேம்பிங் பழைய ஸ்பிரிங்குக்கு அமைக்கப்பட்டதாகவே இருப்பதால், மேடுபள்ளங்களில் வண்டி துள்ளும். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோடைத் தளர்த்துவது இதைவிடப் பாதுகாப்பானது. ஓட்டுபவர் உட்காரும்போது வண்டி இன்னும் சற்று அமுங்கி நிற்கும். ஆனால் பள்ளத்தைத் தாங்க மிச்சமிருக்கும் அசைவு அந்த அளவுக்குக் குறையும்.

முன்னா, பின்னா?

வண்டியின் குணம் எவ்வளவு இறக்கினோம் என்பதைவிட, எந்தப் பக்கம் இறக்கினோம் என்பதைப் பொறுத்தே அதிகம் மாறுகிறது. இதை அளக்க இரண்டு அளவுகள் உண்டு. ஹேண்டில் திரும்பும் அச்சு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம் ரேக். அந்த அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் டிரெயில். டிரெயில் கூடினால் வண்டி நேராக ஓட முனையும். குறைந்தால் சட்டென்று திரும்பும்.

ஆர்15-இன் சக்கர இடைவெளி 1,325 மி.மீ. இந்த அளவுள்ள வண்டியில் முன்பக்கத்தை மட்டும் 20 மி.மீ. இறக்கினால் ரேக் ஏறக்குறைய 0.9 பாகை குறையும்; டிரெயிலும் சுமார் 5 மி.மீ. குறையும். திருப்பத்தில் வண்டி விரைவாக விழும். ஆனால் வேகத்தில் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் ஹேண்டில் உதறும் வாய்ப்பு கூடும். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் நேரெதிர்: ஹேண்டில் மந்தமாகும், வண்டியை வளைவுக்குள் தள்ளிச் சாய்க்க வேண்டியிருக்கும்.

இது மலைச்சாலையில் துல்லியமாகத் தெரியும். வால்பாறையிலிருந்து இறங்கும்போது சரிவும் பிரேக்கும் சேர்ந்து எடையை முன்னால் தள்ளுகின்றன. ஃபோர்க் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். முன்பக்கம் மட்டும் இறக்கிய வண்டியில் மிச்சமிருக்கும் டிரெயிலும் அப்போது சுருங்கி, ஹேண்டில் படபடக்கும். ஏறும்போது பின்பக்கம் இறக்கிய வண்டிக்குச் சோதனை. முன்சக்கரத்தில் எடை குறைந்திருக்க, கொண்டை ஊசியில் ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் வண்டி அகலமாக ஓடி எதிர்த்தடத்தை நோக்கிப் போகும். ஸ்விங் ஆர்மின் சாய்வு குறைந்துவிடுவதும் இதற்குக் காரணம். செயின் இழுக்கும்போது பின்பக்கம் அமுங்காமல் தாங்குவது அந்தச் சாய்வுதான்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு இறக்கினால் ரேக், டிரெயில் ஏறத்தாழ அப்படியே இருக்கும். அப்போதும் சாயும் எல்லை குறுகும். தரையிலிருந்து 300 மி.மீ. உயரத்திலும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 300 மி.மீ. வெளியிலும் ஃபுட்ரெஸ்ட் முனை இருப்பதாக வைத்துக்கொண்டால், அது 45 பாகையில் தரையை உரசும். வண்டியை 30 மி.மீ. இறக்கினால் 42 பாகையிலேயே உரசும். அதே வளைவில் எடுக்கக்கூடிய வேகம் சுமார் 5 சதவீதம் குறைகிறது. எடைமையம் தாழ்ந்தால் வளைவில் வேகம் கூடும் என்ற நம்பிக்கையும் பொருந்தாது. டயருக்கு அகலம் இருப்பதால், எடைமையம் தாழத் தாழ அதே வேகத்துக்கு வண்டியைச் சற்று அதிகமாகவே சாய்க்க வேண்டும்.

பந்தயத் தளங்களில்

1995-இல் விமான விபத்தில் இறந்த கோவை பந்தய வீரரும் தொழிலதிபருமான கரிவரதன் பெயரில் அமைந்தது செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கி.மீ. நீளமுள்ள இத்தளத்தில் தேசியப் போட்டிகளின் சுற்றுகள் நடக்கின்றன. 2021-இல் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கோப்பையும் இங்கே ஓடியிருக்கிறது. இத்தகைய வளைவுத் தளத்துக்கு வண்டியைத் தயார் செய்பவர்கள் ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்கும் மேலுக்கும் நகர்த்துவார்கள். தேவைப்பட்டால் பின்பக்கத்தை உயர்த்தவும் செய்வார்கள். அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு டிவிஎஸ் 2021-இல் அறிமுகப்படுத்திய ரேஸ் கிட்டிலும் ஃபுட்ரெஸ்ட் உயர்த்தப்பட்டதாகவே வருகிறது.

டிராக் பந்தயத்தின் கணக்கு வேறு. முன்சக்கரம் எழும்பாமல் வண்டி எவ்வளவு வேகமாகப் பாயலாம் என்பது எடைமையத்தின் உயரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அதை 600 மி.மீ.யிலிருந்து 570-க்குக் கொண்டுவந்தால் அந்த எல்லை சுமார் 5 சதவீதம் உயரும். ஸ்விங் ஆர்மை நீட்டினால் இன்னும் உயரும். ஆனால் 150 சிசி வண்டியின் இன்ஜின், முதல் கியரைத் தாண்டினால் அந்த எல்லையை எட்டுவதே அரிது.

இரண்டு கணக்கையும் ஒரே வண்டியில் தீர்க்கப் பார்த்தது, உலக பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபி. பந்தயம் தொடங்கும்போது பின்பக்கத்தை இறக்கிப் பூட்டும் கருவியை டுகாட்டி 2018-இல் கொண்டுவந்தது. பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே நேர்ப்பாதையில் இறங்கி, வளைவுக்கு முன் பழைய உயரத்துக்குத் திரும்பும் கருவிகள் வந்தன. ஓடும்போது முன்பக்கத்தை இறக்கும் கருவிகளுக்கு 2023-இல் தடை விழுந்தது. 2027 விதிகள் உயரம் மாற்றும் கருவிகள் அனைத்தையும் விலக்குகின்றன.

வேகத்தடையும் சட்டமும்

இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டதாக, 17 மீட்டர் ஆர வளைவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தடையின் உச்சி, ஆர்15-இன் இரு சக்கரங்களுக்கு நடுவே 13 மி.மீ. அளவுக்குத்தான் மேலெழும், 170 மி.மீ. தரை இடைவெளிக்கு அது ஒன்றுமே இல்லை. ஊருக்குள் போடப்படும் குறுகிய, செங்குத்தான தடைகள்தான் ஆபத்து. அவை முழு உயரத்தோடு சக்கரங்களுக்கு நடுவே வந்து நிற்கும். 40 மி.மீ. இறக்கி, பின்னால் ஒருவரையும் ஏற்றிப் போகும் வண்டியில் சைலன்சரோ, இன்ஜினுக்கு அடியிலுள்ள பெல்லி பேனோ அடிபடும்.

இறக்கிய பிறகு சைடு ஸ்டாண்டையும் சுருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி அளவுக்கு மீறி நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாயும். செயின் தொய்வை மறுபடி சரிபார்க்க வேண்டும். பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தயாரிப்பாளர் கையேடு அனுமதிக்கும் பிரீலோடு சரிசெய்தல் இந்தத் தடைக்குள் வராது. கால் எட்டுவது மட்டுமே பிரச்சினை என்றால், இருக்கை ஃபோமைச் செதுக்குவதும் தடித்த அடியுள்ள ரைடிங் பூட்ஸ் போடுவதும் சஸ்பென்ஷனைத் தொடாமலே 20 மி.மீ. வரை ஈடுகட்டும்.