ஸன்ஜபீலும் ஈரலும்

மடுல்சீமைக்காரருக்கு இஞ்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிளேன்டீதான். இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்த இலைத்துரு நோய் 1869 இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்தப் பகுதியில்தான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ இந்தக் குளிருக்கு வாய்ப்பாக ஒட்டிக்கொண்டது. தடிமன் பிடித்தால் கொத்தமல்லியோடு இஞ்சி, நோன்புக் கஞ்சியிலும் இஞ்சி. இவற்றோடு ஒரு நம்பிக்கையும் நம்மிடம் உண்டு: "இஞ்சி ஈரலுக்கு நல்லது." அது எங்கிருந்து வந்தது என்று தேட எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அரபியில் ஸன்ஜபீல், கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், பாலியில் சிங்கிவேர. இவற்றின் மூலத்தில் நமது 'இஞ்சி'யும் 'வேர்'உம் இருப்பதாக மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். தென்னாட்டுச் சரக்கு கடல் கடந்தபோது பெயரும் கூடவே போயிருக்கிறது. அல்குர்ஆன் (76:17) சுவனவாசிகளுக்குப் புகட்டப்படும் பானத்தில் ஸன்ஜபீல் கலந்திருக்கும் என்கிறது. அது மறுமையின் இன்பத்தைச் சொல்லும் வசனம். மருந்துச் சீட்டு அல்ல. ரோம் மன்னர் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு ஜாடி இஞ்சி அனுப்பினார் என்ற அறிவிப்பும் பலவீனமானது என்பதே ஹதீஸ்கலை அறிஞர் முடிவு.

ஈரலைப் பற்றிய பேச்சு மருத்துவ நூல்களில்தான் வருகிறது. 1037 இல் மறைந்த இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில், குளிர்ச்சியுற்ற ஈரலுக்கும் இரைப்பைக்கும் இஞ்சி ஏற்றது என்கிறார். 1350 இல் மறைந்த இப்னுல் கையிம் 'ஸாதுல் மஆத்' நூலில், குளிராலும் ஈரத்தாலும் ஈரலில் உண்டாகும் அடைப்புகளுக்கு இஞ்சி பயன்தரும் என்று எழுதுகிறார். சூடு, குளிர், ஈரம், வறட்சி என்ற மிஸாஜ் கோட்பாட்டின் மொழி அது.

இந்த 'அடைப்பு' என்ற சொல்லில்தான் நாங்கள் தவறினோம். வாப்பாவுக்குக் கண் மஞ்சளித்தபோது, செங்கமாரி, ஈரல் அடைப்பு என்று முடிவுகட்டி இரண்டு கிழமை இஞ்சிக் கஷாயம் கொடுத்தோம். கிதாபில் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னதும் நான்தான். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், பித்தக் குழாயில் கல். இப்னுல் கையிம் சொன்ன அடைப்புக்குக் காரணம் குளிரும் ஈரமும். வாப்பாவுக்கு இருந்ததோ கல். இஞ்சி பித்தச் சுரப்பைத் தூண்டக்கூடியது என்பதால், பித்தக் கல் உள்ளவர்கள் மருந்தாக அதை எடுக்குமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். கல்லை எடுத்த பிறகு வாப்பா தேறினார், அல்ஹம்துலில்லாஹ்.

அப்படியானால் முன்னோர் சொன்னது வீணா? இல்லை. இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரோல். காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகோலாக மாறுகிறது. சுக்கு கூடுதலாகக் காரமாயிருப்பது அதனால்தான். பரசிட்டமோலை அளவு மீறிக் கொடுத்து எலிகளின் ஈரலைப் பழுதாக்கிய ஆய்வுகளில், இஞ்சிச் சாறு அந்தப் பாதிப்பைக் குறைத்தது. ஈரானில் ஈரலில் கொழுப்புப் படிந்த 44 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2016 இல் வெளியானது. நாளுக்கு 2 கிராம் வீதம் 12 கிழமை இஞ்சி எடுத்தவர்களுக்கு, ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்ற நொதியின் அளவு குறைந்தது. ஆனால் 44 பேர் என்பது சிறிய தொகை. எலியின் ஈரல் மனிதனின் ஈரலும் அல்ல.

கசிப்பால் ஈரல் கெட்டவருக்கும் இஞ்சித் தண்ணீர் போதும் என்று தோட்டத்தில் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிதாபைக் காட்டிச் சொல்பவர்கள் நம்மிடமும் உண்டு. இப்னு ஸீனாவே நாடி பார்த்து, சிறுநீர் பார்த்து, நோயின் காரணத்தை அறிந்த பிறகு மருந்து சொன்னவர். அவரை மதிப்பதென்றால் கண் மஞ்சளித்தவரை முதலில் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவோம். இஞ்சிப் பிளேன்டீயை வந்து குடிக்கலாம்.